நெரைட் நத்தையின் ஓடு அரிக்கிறதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வணக்கம் தர்மபுரி நண்பரே. பாசி தின்ன விட்ட மூன்று நெரைட் நத்தைகளின் ஓடு வெளுத்து அரிக்கிறது, மீன் தொட்டியில் முழுக்க ஆர்.ஓ. தண்ணீர்தான் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று நினைக்கிறேன். நம் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று குடிக்க ஆர்.ஓ. வைக்கிறோம், சரி. ஆனால் அது கால்சியத்தையும் சேர்த்து எடுத்துவிடும். நத்தை ஓடு கால்சியம் கார்பனேட், தண்ணீரின் பி.எச். 7-க்குக் கீழே போனால், அதாவது அமிலத்தன்மை வந்தால், மெல்லக் கரையும்.

கிருஷ்ணகிரியில் நான் பாதி போர், பாதி ஆர்.ஓ. கலந்துதான் ஊற்றுகிறேன். ஒரேயடியாக மாற்றாதீர்கள், வாரம் கால்வாசி போதும். கால்சியத்துக்கு, பறவைத் தீவனக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓடு ஒரு துண்டு தொட்டியில் போடுங்கள். அரித்த இடம் திரும்ப வளராது. ஓட்டின் வாயோரம் புதிதாக வளர்வது வழவழப்பாக இருந்தால் தேறிவிட்டது என்று அர்த்தம்.

கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் என்றீர்களே, அவை முட்டைகள். நன்னீரில் பெருகாது, பயம் வேண்டாம். அப்புறம், மீனுக்கு மருந்து ஊற்றும்முன் லேபிளைப் படியுங்கள். தாமிரம் இருந்தால் நத்தை செத்துவிடும். பாசி தீர்ந்த நாட்களில் வேகவைத்த சுரைக்காய்த் துண்டு வைத்துப் பாருங்கள், பாவம், பட்டினி கிடக்கும்.