பாட் (காபித்தூள் அடைத்த சிறு குப்பி) போடும் காபி மெஷினில் அரை கப்தான் வருகிறது, மெஷின் போய்விட்டதா?

போகவில்லை. பம்ப் சத்தம் கேட்கிறது, தண்ணீரும் சூடாகத்தான் வருகிறது, அளவு மட்டும் குறைந்துகொண்டே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் அடைப்புதான். தயவுசெய்து புது மெஷின் பார்க்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

என் முதல் மெஷினிலும் இப்படித்தான் ஆனது. முழுக் கப் முக்காலாகி, முக்கால் அரையாகி, கடைசியில் சொட்டுச் சொட்டாக வந்தது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். என்ன ஆகிறது என்றுகூடச் சரியாகக் கேட்கவில்லை. "பம்ப் போயிருக்கும், புதுசு வாங்கிவிடுங்கள்" என்றார்கள். நம்பித் தூக்கிப் போட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அடுத்த மெஷினிலும் அதே கோளாறு வந்தது. இந்தத் தடவை யாரையும் கேட்பதில்லை என்று நானே உட்கார்ந்தேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பாட்-ஐ மேலிருந்து குத்தும் ஊசியின் ஓட்டைகளில் காபித்தூள் இறுகிப்போயிருந்தது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி மெதுவாக உள்ளே விட்டுச் சுழற்றினேன். கறுப்பாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது. பாட் உட்காரும் கிண்ணத்தைக் கழற்றி அதன் அடி ஊசியையும் கழுவினேன். (விரல் பத்திரம், இரண்டுமே நல்ல கூர்.) பாட் போடாமல் வெறும் தண்ணீரை இரண்டு தடவை ஓட்டியதும் முக்கால் கப் வந்துவிட்டது.

மீதிக் கால் கப்பைத் தடுத்தது உப்பு. கடின நீரைச் சூடாக்கினால் கால்சியம் கார்பனேட் படியும். இந்த மெஷின்களில் தண்ணீர் சூடாகிப் போகும் வழி மிகவும் குறுகல், அதனால் கொஞ்சம் படிந்தாலே ஓட்டம் குறைந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்துப் பாதியை ஓட்டினேன். அரை மணி நேரம் அப்படியே விட்டு மீதியையும் ஓட்டினேன். அப்புறம் இரண்டு தொட்டி நல்ல தண்ணீர். அன்று மாலை முழுக் கப் வந்தது.

"கம்பெனி கரைசலைத்தான் ஊற்ற வேண்டும்" என்று யாராவது சொல்லலாம். உங்கள் கையேட்டில் அப்படி இருந்தால் அதையே ஊற்றுங்கள், நான் மறுக்கவில்லை. வினிகரை நான் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அதன் வாடை லேசில் போகாது, சில மெஷின்களின் ரப்பர் வாஷருக்கு ஒத்துக்கொள்ளாது. ஊசி இருக்கும் இடமும் மாடலுக்கு மாடல் மாறும்.

கையேடு என்றதும் கோபம் வருகிறது. முன்பெல்லாம் எந்தச் சாமான் வாங்கினாலும் கடைசிப் பக்கத்தில் கோளாறு அட்டவணை இருக்கும். இப்போது நான்கு படம் போட்ட ஒரே தாள்தான். என் இஸ்திரிப் பெட்டியில் ஒரு வயர்தான் விட்டிருந்தது. ஆனால் வீட்டில் இருக்கும் எந்த ஸ்க்ரூடிரைவருக்கும் பொருந்தாத ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். சொந்தப் பொருளைத் திறந்து பார்க்கக்கூட விடமாட்டார்களா?

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். என்றாவது ஒரு சொட்டுக்கூட வராமல் பம்ப் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாக உறுமினால், அது அடைப்பாக இல்லாமல் காற்றாகவும் இருக்கலாம். தொட்டி காலியானபின் ஓட்டினால் பம்புக்குள் காற்று புகுந்துவிடும். தொட்டியை நிரப்பி, அழுத்தி உட்காரவைத்து, பாட் இல்லாமல் நான்கைந்து தடவை ஓட்டுங்கள். முதலில் விட்டுவிட்டுத் துப்பும், அப்புறம் சீராக வரும்.