ஹெல்ப்மீட்டா, ஹெல்ப்மேட்டா? எதை எங்க எழுதலாம்

ஒரு வாசகர் கேட்டிருக்காங்க: அப்பா அம்மாவோட 25-வது கல்யாண நாளுக்கு சர்ச்ல ஸ்தோத்திர ஆராதனை இருக்கு, அப்பா இங்கிலீஷ்ல பேசுறதுக்கு எழுதித் தரணும், அதுல அம்மாவை 'ஹெல்ப்மீட்'னு (helpmeet, வாழ்க்கைத் துணைங்கற அர்த்தத்துல) சொல்லணும்னு அவருக்கு ஆசை, ஆனா கூட வேலை பாக்குறவங்க அது ஸ்பெல்லிங் தப்பு, 'ஹெல்ப்மேட்'தான் (helpmate) சரிங்கறாங்க, எது சரி?

தப்பு இல்லைங்க. ரெண்டுமே டிக்‌ஷனரில இருக்கு, அதுல ஹெல்ப்மீட்தான் மூத்தது. ஆனா ஒரு விஷயம், அது முதல்ல ஒரே வார்த்தையா இருக்கவே இல்ல. 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல ஆதியாகமம் 2:18-ல கடவுள் ஆதாமுக்கு 'ஆன் ஹெல்ப் மீட் ஃபார் ஹிம்' உண்டாக்குவேன்னு சொல்றாரு. இந்த 'மீட்' சந்திக்கிறது இல்ல, அந்தக் காலத்து இங்கிலீஷ்ல 'பொருத்தமான, தகுந்த'ன்னு அர்த்தம். 1662 ஆங்கிலிகன் ஜெபப் புத்தகத்துல 'இட் இஸ் மீட் அண்ட் ரைட் ஸோ டு டூ'ன்னு வருமே, அதே மீட்தான். அதாவது 'அவனுக்குத் தகுந்த ஒரு துணை', அவ்வளவுதான். படிச்சவங்க ஹெல்ப்பையும் மீட்டையும் சேர்த்து ஒரே பெயர்ச்சொல்லா எடுத்துக்கிட்டாங்க, அதே நூற்றாண்டுலயே ஹெல்ப்-மீட்னு கோடு போட்டு எழுத ஆரம்பிச்சாச்சு, அப்புறம் 1700-கள்ல, இந்த மீட் என்னன்னே புரியாததால அதை 'மேட்'டா மாத்தி ஹெல்ப்மேட் ஆக்கிட்டாங்க, மேட்னா கூட்டாளின்னு எல்லாருக்கும் தெரியுமே. (செஸ் ஆடுறவங்க சொல்ற ஹெல்ப்மேட் வேற, அது வெள்ளையும் கருப்பும் சேர்ந்தே கருப்பு ராஜாவுக்கு மேட் வைக்கிற புதிர் வகை, அந்த மேட் செக்மேட்ல இருக்கிற மேட்.)

தமிழ் பைபிள் படிச்சு வளர்ந்தவங்களுக்கு இதுல குழப்பமே வராது. அங்க 'ஏற்ற துணை'ன்னு அழகா ரெண்டு வார்த்தையா இருக்கு, ஏற்ற-ங்கறதுதான் மீட், துணைங்கறதுதான் ஹெல்ப்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன், ஸ்பெல்லிங்கை விட இதுதான் கவனிக்க வேண்டியது. இன்னிக்கு ஹெல்ப்மீட்னு சொன்னா பெரும்பாலும் மனைவியைத்தான் நினைப்பாங்க, அதுவும் அமெரிக்கால பழமைவாதக் கிறிஸ்தவங்க நடுவுல 'கணவனுக்குக் கீழ்ப்படிஞ்சு குடும்பத்தைப் பார்த்துக்கிற மனைவி'ங்கற அர்த்தத்துல இது ரொம்பப் புழங்குது, அதனால அந்தப் பக்கம் இருக்கிற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் காதுல உங்க அப்பா நினைக்காத ஒரு அர்த்தம் விழலாம். மூலத்துல அப்படி ஒரு தாழ்வே கிடையாதுங்கறது என் உறுதியான கருத்து. எபிரேயத்துல அங்க வர்ற வார்த்தை 'ஏசெர்', அதையே பைபிள்ல கடவுளுக்கும் சொல்லியிருக்கு, 121-ம் சங்கீதத்துல கர்த்தரிடத்திலிருந்து ஒத்தாசை வரும்னு பாடுறோமே, அந்த ஒத்தாசைக்கு எபிரேயத்துல இதே வார்த்தைதான். கூடமாட எடுபிடி வேலை செய்றவங்களை யாராச்சும் அப்படிச் சொல்வாங்களா?

அதனால சர்ச்சுல, அந்த வசனத்தை முதல்ல வாசிச்சிட்டு அப்புறம் 'மை ஹெல்ப்மீட்'னு அப்பா சொன்னா ரொம்பப் பொருத்தமா இருக்கும், தாராளமா எழுதிக் குடுங்க. வசனம் இல்லாம வெறும் கார்டுல, ஃபேஸ்புக்ல போடுறதா இருந்தா ஹெல்ப்மேட் போடுங்க, அது கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் பொருந்தும், ஆனா அதுவும் கொஞ்சம் பழைய வாடைதான். அம்மா பதிலுக்குப் பேசும்போது அப்பாவைக்கூட ஹெல்ப்மேட்னு சொல்லலாம், நல்லாத்தான் இருக்கும்.

பாஸ்போர்ட், விசா, இன்சூரன்ஸ் ஃபார்ம்ல ரெண்டுமே வேண்டாம், அங்க 'ஸ்பௌஸ்' மட்டும்தான். 'பார்ட்னர்'னு போட்டா சில நாட்டு ஃபார்ம்ல கல்யாணம் ஆகாம சேர்ந்து வாழறவங்கன்னு அர்த்தம் ஆயிடும், அதுல ஜாக்கிரதை.

இன்னொண்ணு, வசனத்தோட சேர்த்து கார்டுல ஹெல்ப்மீட்னு போடுறதா இருந்தா, பிரிண்டுக்குப் போகும்போது கம்ப்யூட்டர் தானாவே ஹெல்ப்பையும் மீட்டையும் பிரிச்சுப் போட்டுடலாம், அப்படிப் பிரிஞ்சா படிக்கிறவங்க 'உதவி, சந்திப்பு'ன்னு முழிப்பாங்க, அதனால ப்ரூஃப் வாங்கிப் பார்த்து, வசனத்துல ரெண்டு வார்த்தையாவும், 'மை ஹெல்ப்மீட்'ங்கற இடத்துல இடைவெளி இல்லாம ஒரே வார்த்தையாவும் இருக்கான்னு செக் பண்ணிட்டு ஓகே சொல்லுங்க.