பால், முட்டை, கறி: பண்ணை உயிர்கள் பற்றிய கேள்வி பதில்

சைவத்துக்கு மாறியவர்கள், மாற நினைப்பவர்கள், மாறவே மாட்டேன் என்பவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. நாமக்கல், பல்லடம் வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சைவம், பாலும் தயிரும் உண்டு. இதை முன்பே சொல்லிவிட்டால் என் பதில்களை எடைபோட உங்களுக்கு வசதியாக இருக்கும்.

கரூரிலிருந்து ஒரு மாணவர்: கடை முட்டையை அடை வைத்தாலும் பொரிக்காது, அதில் உயிரே இல்லை என்கிறார்கள். அப்படியானால் முட்டை சைவம்தானே சார்?

முட்டையில் உயிர் இல்லை என்பது சரிதான், தம்பி. சேவலே இல்லாத கொட்டகையில் இட்டது அது. ஆனால் இட்ட கோழிக்கு உயிர் இருக்கிறதே.

நாமக்கல் பக்கம் பேருந்தில் போயிருந்தால் சாலையோரத்தில் நீளநீளமான கொட்டகைகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே படிக்கட்டு மாதிரி அடுக்கிய கம்பிக் கூண்டுகள். ஒரு கோழியின் பங்குக்கு வரும் இடம் ஒரு ஏ4 தாளைவிடச் சிறியது. சிறகை விரிக்க முடியாது. தரையும் கம்பிதான், இட்ட முட்டை உருண்டு முன்பக்கம் வரட்டும் என்று சாய்வாக வைத்திருப்பார்கள். கோழிக்கு மண்ணில் புரண்டு குளிக்கும் பழக்கம் உண்டு. கூண்டுக்குள் மண் ஏது? இருந்தாலும் சில கோழிகள் கம்பிமேல் படுத்து, தீவனத் தொட்டியில் அலகால் வாரி வாரி, இல்லாத மண்ணை மேலே இறைத்துக்கொள்வது போல உடம்பைச் சிலுப்பும். கொட்டகையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் இதைப் பார்க்கலாம்.

வருடத்துக்கு 300 முட்டை இடுகிற இனம் அது. அதன் மூதாதையான காட்டுக்கோழி இடுவது பத்துப் பதினைந்துதான். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து எலும்பிலிருந்தும் போகிறது. அதனால் வயதான கோழியைக் கூண்டிலிருந்து இழுக்கும்போதே எலும்பு முறிவதுண்டு. ஒன்றரை வயது வாக்கில் முட்டை குறைந்ததும் கறிக்குப் போய்விடும். முட்டைக்காக எதையும் கொல்வதில்லை என்ற கணக்கு அங்கேயே உதைக்கிறது.

சேலத்திலிருந்து ஒரு ஆசிரியை: அந்தப் பண்ணைகளில் சேவலே இல்லை என்றால், பொரிக்கும் சேவல் குஞ்சுகள் எல்லாம் எங்கே போகின்றன?

குஞ்சுக்கான முட்டை, சேவலும் இருக்கும் வேறு பண்ணையிலிருந்து வருகிறது. அதில் பொரிப்பதில் பாதிக்குப் பாதி சேவல்தான், டீச்சர். முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது. கறிக்கு வளர்க்கும் பிராய்லர் வேறு இனம். அதனால் பொரித்த அன்றே பிரித்துக் கொன்றுவிடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். உங்கள் ஊர்த் திருவிழாவில் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் ஏற்றிக் கூடையில் விற்பார்களே, அவை பெரும்பாலும் தப்பி வந்த இந்தச் சேவல் குஞ்சுகள்தான். ஜெர்மனியில் 2022 முதல் இப்படிக் கொல்லத் தடை இருக்கிறது. முட்டைக்குள் இருக்கும்போதே சேவலா பெட்டையா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் அங்கே வந்துவிட்டன. பைசாக் கணக்கில் விலை ஏறி இறங்குகிற நம் ஊர்த் தொழிலில் அந்தச் செலவை யார் ஏற்பார்கள் என்று தெரியாமல் நான் பெரிதாக நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

திருப்பூர் வாசகர்: ஹார்மோன் ஊசி போட்டுத்தானே பிராய்லரை நாற்பது நாளில் வளர்க்கிறார்கள்?

இல்லை. ஆயிரக்கணக்கான கோழிக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டால் பண்ணைக்காரர் திவால்தான். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனமும் தீவனமும் செய்கிற வேலை அது. கொடுமையும் அந்த இனத்திலேயே இருக்கிறது. இரண்டு கிலோவைத் தாண்டும் உடம்பை ஒரு குஞ்சின் காலும் இதயமும் தாங்குவதில்லை. கடைசி வாரத்தில் பல கோழிகள் உட்கார்ந்தே கிடக்கும். கவலைப்படுவதானால் ஆன்டிபயாட்டிக் பற்றிக் கவலைப்படுங்கள். மனிதருக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற கொலிஸ்டினைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019இல்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா: பாலில் என்ன பாவம் டாக்டர்? கன்று குடித்த மிச்சத்தைத்தானே கறக்கிறோம்?

உங்கள் தொழுவத்தில் அப்படி இருக்கலாம் அம்மா. எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

பசு பால் தர வேண்டுமானால் கன்று போட வேண்டும். போடுவதில் பாதி காளைக்கன்று. உழவுக்கும் வண்டிக்கும் காளை தேவைப்பட்ட காலத்தில் அது சொத்து. டிராக்டர் வந்தது, கூடவே ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) என்ற வெளிநாட்டு மாடுகளின் கலப்பினமும் வந்தது. அந்தக் காளைகள் நம் வெயிலில் உழவுக்கு நிற்காது. இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவர் காளைக்கன்றுக்கும் பாலை விட்டால் சொசைட்டிக்கு ஊற்ற என்ன மிஞ்சும்? ஆகவே சில நாளிலேயே விற்றுவிடுவார், அல்லது அது பாலில்லாமல் தானாகச் சாகும். அவரைத் திட்டிப் பயனில்லை. லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் சத்தம் போடுகிற நாமும் அந்தக் கணக்கில் இருக்கிறோம்.

கன்று செத்தால் சில மாடுகள் பாலை இறக்காது. அதற்காகச் செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, குச்சியைக் காலாக வைத்துத் தாயின் முகத்துக்கு எதிரே நிறுத்துவார்கள். தாய் அதை நக்கிக்கொண்டே சுரக்கும். இதற்கும் பொறுமை இல்லாதவர்கள், பாலை இறக்க வைக்கும் ஹார்மோனான ஆக்சிடோசினை ஊசியாகப் போடுவார்கள். பாலைக் கூட்ட மாட்டின் உடம்புக்குக் கேடான ஊசி போடுவது விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம். 2 ஆண்டு வரை சிறை உண்டு.

வற்றிப்போன மாடு பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய், அங்கிருந்து லாரியில் கேரளாவுக்குப் போகும். நெருக்கித் திணித்த வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றவை மிதித்துவிடும் என்று, எழுப்புவதற்காக வாலை முறுக்குவதும் கண்ணில் மிளகாய் தேய்ப்பதும் நடக்கிறது. பால் குடிக்கிற எனக்கும் கறி சாப்பிடுகிறவருக்கும் நடுவில் நிற்பது ஒரே மாடுதான். கறிக்கடை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற சைவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

செய்யக்கூடியது உண்டு. பாலினம் பிரித்த உறைவிந்து போட்டால் பத்தில் ஒன்பது கிடேரிக்கன்றாகவே பிறக்கும். பால்காரரைத் தெரிந்தவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, காளைக்கன்று போட்டால் என்ன செய்வீங்க?" பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

சென்னை வாசகி: பிரவுன் முட்டை, நாட்டு முட்டை என்று இரட்டை விலைக்கு விற்கிறார்கள். அந்தக் கோழிகளாவது நிம்மதியாக இருக்கின்றனவா?

ஓட்டின் நிறம் இனத்தைச் சொல்லுமே தவிர வளர்ப்பைச் சொல்லாது. பழுப்பு முட்டை இடும் இனங்களையும் கூண்டில் வைக்கலாம், வைக்கிறார்கள். மஞ்சள்கரு அடர்நிறமாக இருப்பதும் தீவனத்தைப் பொறுத்ததுதான். மேயும் நாட்டுக்கோழி அடைக்கு உட்காரும், குஞ்சோடு திரியும். வருடத்தில் பாதி நாள் முட்டையே இருக்காது. எந்த நாள் போனாலும் அட்டை அட்டையாக நாட்டு முட்டை கிடைக்கிற கடையில் கொஞ்சம் யோசியுங்கள். பண்ணையைப் பார்க்க வரலாமா என்று கேட்டால் "தாராளமா வாங்க" என்பவரிடம் வாங்கலாம்.

புதுக்கோட்டையிலிருந்து ஒருவர்: குலசாமிக்குக் கிடா வெட்டினால் காட்டுமிராண்டித்தனம் என்கிறார்கள். சொல்கிறவர் வாராவாரம் சிக்கன் பிரியாணி சாப்பிடுகிறார். இது நியாயமா ஐயா?

நியாயம் இல்லை. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் இங்கே 1950இலேயே வந்தது, தூங்கிக்கொண்டிருந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் 2004இல் சட்டத்தையே திரும்பப் பெற்றது. அந்தச் சண்டை முழுக்க வெட்டுகிற இடத்தைப் பற்றியே நடந்தது. அதே நாட்களில் கொட்டகைக்குள் கிடந்த பிராய்லரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காட்டில் மேய்ந்து, வேலி தாண்டி, அடி வாங்கி வளர்ந்த கிடாவுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது.

அதற்காக உங்களுக்கு நற்சான்றிதழ் தருகிறேன் என்று நினைக்க வேண்டாம். வரிசையாகக் கட்டிப்போட்டு ஒன்றின் கண்ணெதிரே இன்னொன்றை வெட்டுவதை நிறுத்தலாம். ரத்த வாடையும் கத்தலும் மற்றவற்றைப் படாதபாடு படுத்தும். நிழலில் கட்டுங்கள், தண்ணீர் காட்டுங்கள், அரிவாளை முந்தைய நாளே சாணை பிடித்து வையுங்கள். சாமி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது.

மதுரை வாசகர்: பைக்கில் கோழிகளைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். இதற்குச் சட்டமே இல்லையா?

இருக்கிறது. வேதனை தரும் விதத்தில் எந்த விலங்கையும் கொண்டுபோவது 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும் அதே பிரிவில் வருகிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். அந்தக் காலத்தில் அது பணம். இன்று டீ, வடைக் காசு. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதால் வந்த சட்டம் இது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அவருக்குப் பிறகு அந்தத் தொகையை உயர்த்தக்கூட நம்மால் முடியவில்லை.

ஒரு தாய், கோவை: மகள் பால்கூட வேண்டாம், வீகன் என்கிறாள். உடம்பு தாங்குமா?

தாங்கும், ஒரு நிபந்தனையோடு. பி12 மாத்திரை கட்டாயம். செடிகொடிகளிலிருந்து அது நம்பகமாகக் கிடைக்காது. ஸ்பைருலினா என்ற பாசி மாத்திரை விளம்பரத்தை நம்ப வேண்டாம். மற்றபடி கேழ்வரகு, எள், பருப்பு, சுண்டல், கீரையோடு கொஞ்சம் எலுமிச்சை. சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது. ரத்தப் பரிசோதனைக்கு உங்கள் மருத்துவரிடம் போங்கள், நான் மாட்டு டாக்டர்.

பல்லடம், பிராய்லர் வளர்ப்பவர்: கம்பெனி குஞ்சும் தீவனமும் தருகிறது, எங்களுக்குக் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலிதான். இனத்தை மாற்ற முடியாது. எங்கள் கையில் இருப்பதைச் சொல்லுங்கள்.

இத்தனை கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். சித்திரை வெயிலில் கூரைமேல் தென்னங்கீற்று போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். சூடான தண்ணீரைக் கோழி குடிக்காது. தரையில் பரப்பியிருக்கும் தேங்காய்மஞ்சியைத் தினம் கிளறி விடுங்கள். ஈரம் தங்கினால் அமோனியா நெடியில் கண்ணும், அந்த ஈரத்திலேயே நின்று பாதமும் புண்ணாகும். கொட்டகைக்குள் போனதும் உங்கள் கண் எரிந்தால் கோழிக்கு ஏற்கனவே எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எழ முடியாமல் கிடப்பதைக் கூலிக்கணக்குக்காகக் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

அப்புறம் லோடு ஏற்றும் இரவு. பிடிக்க வருகிற பையன்கள் ஒரு கையில் நாலைந்து கோழியை ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்குவார்கள், தொடை மூட்டு கழன்றுவிடும். விளக்கைக் குறைத்துவிட்டு, மார்போடு சேர்த்து இரண்டு கையால் எடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கூடுதலாகும், அந்தப் பையன்களுக்கு அதற்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.