நாய்க்குட்டி வளர்ப்பு: உங்கள் கேள்விகளும் பதில்களும்

எல்லா ஊசியும் முடியும் வரை குட்டியை வெளியே விடாதே என்கிறார் டாக்டர். நீங்களோ வெளியுலகத்தைப் பழக்கச் சொல்கிறீர்கள். எதைக் கேட்பது? (திருச்சி)

இரண்டையும். தரையில் இறக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். குட்டி புதியவற்றைப் பெரிய பயமில்லாமல் ஏற்றுக்கொள்வது 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைதான். ஊசி முடிய 16 வாரம் ஆகிவிடும். டீக்கடை ஓரத்தில் பத்து நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், பள்ளிப் பிள்ளைகள், குப்பை வண்டி எல்லாவற்றையும் பார்க்கட்டும். பயந்தால் கிட்டே கொண்டுபோகாமல் தள்ளி வந்துவிடுங்கள். தெரு நாய்கள் புழங்கும் மண்ணில் மட்டும் இறக்க வேண்டாம். வாந்தி, ரத்தப்பேதி வந்து குட்டியைக் கொல்லும் பார்வோ நோயின் கிருமி அங்கே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ராத்திரி முழுக்க அழுகிறது. (கோவை)

உங்கள் கட்டில் பக்கத்திலேயே படுக்க வையுங்கள். தாயை விட்டு வந்த குழந்தை அது.

32 நாள் லாப்ரடார் குட்டி வாங்கினோம். கை, கால் எல்லாம் கடிக்கிறது. மூக்கில் தட்டியும் அடங்கவில்லை. (மதுரை)

32 நாள்! எத்தனை முறை எழுதிவிட்டேன், எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள் என்று. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளே எட்டு வாரத்துக்குள் விற்கக் கூடாது என்கின்றன. ஆனாலும் "பால் மறந்துவிட்டது, தூக்கிட்டுப் போங்க" என்று விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

பால் மறந்தால் போதாது. கூடப்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் உறுமி விலகிப் போகும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று குட்டி கற்பது இப்படித்தான். உங்கள் குட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடமே கிடைக்கவில்லை.

இனி நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். பல் பட்டதும் சத்தம் போடாமல் எழுந்து போங்கள். அரை நிமிடம் கழித்து வந்து, கடிக்கப் பொம்மை கொடுங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். மூக்கில் தட்டுவதை இன்றே நிறுத்துங்கள். கையைக் கண்டு மிரளும் நாய் பெரிதானதும் நிஜமாகவே கடிக்கும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், குட்டிதானே என்று விடாமல் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகிறது. அதில் மூக்கைத் தேய்க்கலாமா? (தாம்பரம்)

கூடாது. அது பயத்தைத்தான் கற்றுத்தரும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். போனதும் பாராட்டுங்கள்.

குட்டி சாப்பிடவில்லை. என்ன மருந்து தரலாம்?

வயது இல்லை, ஊசி விவரம் இல்லை, வாந்தி உண்டா என்றும் இல்லை. இப்படிக் கேட்டால் எப்படிச் சொல்வது? வாந்தியோ ரத்தப்பேதியோ இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். பார்வோ இரண்டு, மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும்.

இரண்டரை மாத ராஜபாளையம் குட்டி கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. திமிரா? (விருதுநகர்)

காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளை நாய்களில், ராஜபாளையத்திலும், பிறவிச் செவிடு உண்டு. தூங்கும்போது தள்ளி நின்று கை தட்டுங்கள், தரை அதிர வேண்டாம். காது அசையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். கேட்காத நாயும் கைச்சைகையில் நன்றாகவே பழகும். ஆனால் சங்கிலி இல்லாமல் ஒருநாளும் ரோட்டில் விடாதீர்கள், வண்டிச் சத்தம் அதற்குக் கேட்காது.