கேளுங்கள், சொல்கிறேன்: அல்ஹம்ப்ரா போகிறவர்களுக்கு

போன இதழில் ஸ்பெயின் போய் வந்ததைப் பற்றி ஓரமாக நாலு வரி எழுதப்போக, கிரனாடா நகரத்துக் குன்றின் மேல் இருக்கும் அல்ஹம்ப்ரா என்ற கோட்டை அரண்மனையைப் பற்றியே இந்த முறை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. சினிமா, அரசியல் கேள்விக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கே: மகன் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறான். மே மாதம் நானும் என் கணவரும் போகிறோம். அல்ஹம்ப்ராவுக்கு ஒரு நாள் போதுமா? டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா? (வாசகி, கோவை)

ப: ஒரு நாள் போதும். ஆனால் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்கிற நம் ஊர் தைரியம் இந்த டிக்கெட் விஷயத்தில் எடுபடாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து விடுகிறார்கள், மே மாதம் சீசன் வேறு. பயணத் தேதி முடிவானதுமே அவர்களுடைய அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பதிவு செய்துவிடுங்கள். டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். இங்கேதான் நம் இனிஷியல் வந்து படுத்தும். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக ஒரு கட்டத்தில் இருக்கிறது, நானோ பழக்க தோஷத்தில் டிக்கெட்டில் ஒற்றை எழுத்தாகப் போட்டுவிட்டேன். வாசலில் நின்ற பெண் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எண் ஒத்துப்போனதால் பெரிய மனது பண்ணி விட்டார். நீங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடியே நிரப்புங்கள்.

அப்புறம், நேரம். உள்ளே நஸ்ரித் அரண்மனைகள் என்று ஒரு பகுதி இருக்கிறது (நஸ்ரித் என்பது கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் அரச வம்சம்), அல்ஹம்ப்ராவின் உயிரே அதுதான். அதற்கு மட்டும் தனியாக நேரம் குறித்துத் தருவார்கள். அந்த நேரத்துக்கு நுழைந்துவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம், தவறவிட்டால் போச்சு. நான் அதைக் கிட்டத்தட்ட கோட்டைவிட்டேன். ஹெனெரலீஃபே என்கிற கோடைக்கால மாளிகையின் மேல்தோட்டத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதன் இரு பக்கக் கைப்பிடிச் சுவரின் மேல்புறத்தை வாய்க்காலாக்கி, மேலிருந்து கீழ் வரை தண்ணீர் ஓட விட்டிருக்கிறார்கள். படி இறங்கும்போது பிடித்துக்கொள்ளக் கை வைத்தால் விரல்களுக்கு நடுவே சில்லென்று தண்ணீர் போகிறது. மேலே ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறி என்று குழந்தை மாதிரி விளையாடிவிட்டு மணியைப் பார்த்தால் பத்து நிமிடம்தான் பாக்கி. அங்கிருந்து அரண்மனை வாசல் வரை ஓடினேன் பாருங்கள், பள்ளிக்கூட விளையாட்டு விழாவில்கூட அப்படி ஓடியதில்லை. முதலில் அரண்மனைக்கு நேரம் வாங்கிக்கொண்டு தோட்டத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு முழங்கால் வலி இருந்தால் நகரத்திலிருந்து நடந்து ஏற வேண்டாம், மேலே வரை சிறிய பேருந்து போகிறது.

கே: சுவரெல்லாம் அரபு எழுத்தாமே. எனக்கு அலிஃப்கூடத் தெரியாது. போய் என்ன பார்ப்பது? (வாசகர், சென்னை)

ப: எனக்கும் தெரியாது. ஆனால் அரை மணி நேரத்தில் ஒரே ஒரு வரியை அடையாளம் கண்டுகொள்ளக் கண் பழகிவிடும், ஏனென்றால் அது தூண் தலை, சன்னல் ஓரம், வளைவு என்று திரும்பிய இடமெல்லாம் வருகிறது: "வ லா காலிப் இல்லல்லாஹ்." இறைவனைத் தவிர வெற்றியாளன் வேறு இல்லை என்று பொருள். இது நஸ்ரித் அரசர்களின் வம்ச வாசகம். 1238-ல் கிரனாடாவுக்கு வந்து இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய முதலாம் முஹம்மது, வடக்கே இருந்த காஸ்தீல் கிறிஸ்தவ அரசுக்குக் கப்பம் கட்டியவர், 1248-ல் செவில் நகரத்தை அவர்கள் பிடித்தபோது கூட நின்று உதவியவர். அவருடைய வாரிசுகள் சுவர் சுவராக இதை எழுதி வைத்ததைப் பார்க்கையில், பக்தி எவ்வளவு, பெருமூச்சு எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று, கருங்கல்லை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வெளிச்சுவர்களில் பெரும்பகுதி பலகை அடைத்து இடித்து இறுக்கிய செம்மண் கலவை. அல்ஹம்ப்ரா என்ற பெயருக்கே சிவப்பு என்றுதான் பொருள். உள்ளே நாம் வாய் பிளக்கிற வேலைப்பாடெல்லாம் ஜிப்சத்தில் செய்த சுதை, மரம், ஓடு, அவ்வளவுதான். இரு சகோதரிகள் மண்டபத்தின் கூரையில் ஆயிரக்கணக்கான சுதைத் துண்டுகளைத் தேன்கூடு மாதிரித் தொங்க விட்டிருக்கிறார்கள். எல்லாம் மலிவான சரக்கு, கைதான் விலை உயர்ந்தது. அவர்கள் தாராளமாகச் செலவழித்தது தண்ணீரையும் வெளிச்சத்தையும். தண்ணீரும் சும்மா கிடைக்கவில்லை. கீழே ஓடும் தாரோ ஆற்றை, அது வரும் வழியில் மேலே போய் மறித்து, ஆறு கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டிக் குன்றுக்குக் கொண்டு வந்தார்கள்.

சிங்க முற்றத்தில் பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் சுமக்கும் தொட்டியின் விளிம்பில் ஒரு கவிதை செதுக்கியிருக்கிறது. இபின் ஸம்ராக் எழுதியது. அரசவைக் கவிஞர், அமைச்சரும்கூட. ஓடுவது தண்ணீரா, பளிங்கா என்று தெரியாதபடி இரண்டும் ஒன்றாகிவிட்டன என்கிறது அதில் ஒரு இடம். குனிந்து அந்த விளிம்பைப் பார்த்தால் (கிட்டே போக விடமாட்டார்கள், எட்ட நின்றுதான்) மனிதர் மிகைப்படுத்தவில்லை என்று தெரியும்.

கே: அங்கே ஒரு மண்டபத்தில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் ரத்தக்கறை இன்னும் இருக்கிறதாமே? (வாசகர், திருச்சி)

ப: இரும்புத் துரு. அபென்செர்ராஹே என்ற பிரபுக் குடும்பத்தாரை விருந்துக்குக் கூப்பிட்டுக் கழுத்தை வெட்டினார்கள் என்று ஒரு கதை, அந்த மண்டபத்துக்கே அவர்கள் பெயர். வழிகாட்டிகள் நீர்த்தொட்டியில் உள்ள செந்நிறத்தைக் காட்டிக் குரலைத் தாழ்த்துவார்கள். நீங்கள் தலையைத் தூக்கி மேலே இருக்கும் நட்சத்திர வடிவக் கூரையைப் பாருங்கள். ரத்தம் தேடிக் குனிகிறவர்கள் தவறவிடுவது அதைத்தான்.

கே: இதை மூர்களின் அரண்மனை என்கிறார்கள். இலங்கையில் எங்களையும் ஆங்கிலத்தில் 'மூர்ஸ்' என்றுதான் பதிகிறார்கள். நாங்கள் உறவா? (வாசகர், கல்முனை)

ப: சொல்தான் உறவு. வடமேற்கு ஆப்பிரிக்க மக்களை ரோமானியர்கள் 'மவ்ரி' என்றார்கள். அங்கிருந்து 711-ல் முஸ்லிம் படை கடல் தாண்டி ஸ்பெயினுக்கு வந்ததும் ஸ்பானியர் வாயில் அது 'மோரோ' ஆனது, போர்ச்சுகீசியர் வாயில் 'மவ்ரு'. கிரனாடா 1492 ஜனவரி 2-ல் ஸ்பெயினின் கிறிஸ்தவ அரசர்களிடம் விழுந்தது. பதின்மூன்றே வருடத்தில், 1505-ல், போர்ச்சுகீசியக் கப்பல் இலங்கைக் கரைக்கு வந்தது. அவர்களுக்கு முஸ்லிம் என்றாலே 'மவ்ரு'தான், தமிழ் பேசுகிறவரானாலும் சரி. ஆங்கிலேயர் அதையே பிடித்துக்கொள்ள, சோனகர் என்ற உங்கள் சொந்தப் பெயர் தமிழில் மட்டும் தங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அல்ஹம்ப்ராவைக் கட்டிய அரசர்கள் தங்களை அரபு வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள். மூர் என்பது அவர்களுக்கும் அடுத்தவர் வைத்த பெயர்தான்.

கே: வென்றவர்கள் ஏன் இதை இடிக்கவில்லை? (வாசகி, மதுரை)

ப: பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். கிரனாடாவை வென்ற அரசர் ஃபெர்டினாண்டும் அரசி இசபெல்லாவும் தாங்களே தங்கினார்கள். யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றும் ஆணையில் 1492 மார்ச் 31-ல் கையெழுத்திட்டதும் இங்கேதான், அந்த அழகுக்குள் நிற்கும்போது இதையும் மறக்க முடியவில்லை. அவர்களுடைய பேரன் ஐந்தாம் சார்லஸ்தான் நடுவில் தன் பங்குக்கு ஒரு மாளிகையை நட்டார். 1527-ல் தொடங்கிய அது, வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம். தனியாகப் பார்த்தால் நல்ல கட்டடம்தான், ஆனால் பட்டுப் புடவைகளுக்கு நடுவே கோட்டு சூட்டோடு வந்து உட்கார்ந்த சம்பந்தி மாதிரி இருக்கிறது. கூரையே 20-ஆம் நூற்றாண்டில்தான் போட்டார்கள். நிஜமாக வெடி வைத்தவர்கள் நெப்போலியனின் படை. 1812-ல் பின்வாங்கும்போது சில கோபுரங்களைத் தகர்த்துவிட்டுப் போனார்கள்.

கே: டிக்கெட் கிடைக்கவே இல்லை என்றால்? (வாசகர், பெங்களூரு)

ப: சார்லஸ் மாளிகையின் முற்றத்துக்கு டிக்கெட் வேண்டாம், நீதி வாசல் வழியாக நடந்தே போய்ப் பார்க்கலாம். சாயங்காலம் எதிர்க்குன்றில் அல்பைசின் பகுதியிலுள்ள சான் நிக்கோலஸ் முற்றத்துக்குப் போய்விடுங்கள். முழு அல்ஹம்ப்ராவும் எதிரே, பின்னால் சியரா நெவாடா மலை, பாதி வருடம் பனியோடு. வெயில் இறங்க இறங்கச் சுவர் சிவந்துகொண்டே வரும். கூட்டம் நெருக்கும், யாராவது கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார்கள், பர்ஸை முன் பாக்கெட்டில் வையுங்கள். ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், ஊர் கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இருட்டியதும் குளிரும்.