கீரையில் மருந்து வாடை: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: உழவர் சந்தையில் வழக்கமாக ஒரு விவசாயியிடம் அரைக்கீரை வாங்குகிறேன். சில நாட்களில் கட்டைப் பிரித்ததுமே மருந்து வாடை அடிக்கிறது. இலையின் அடியில் வெள்ளைத் திட்டுகளும் தெரிகின்றன. உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுப்பார்களா?
– வாசகி, திருச்சி

பதில்: விற்பவர் விவசாயியாகவே இருந்தால், அவர்மீது அந்தத் துறை நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், பிரிவு 18(3)இல் விவசாயிக்கும் விவசாயப் பணிகளுக்கும் விலக்கு அளிக்கிறது. விளைபொருள் விவசாயியல்லாத ஒருவரின் கைக்குப் போன பிறகே அந்தச் சட்டத்தின் பார்வையில் உணவாகிறது. ஆகவே இதே கீரைக்கட்டு உங்கள் தெருக் கடையில் விற்கப்பட்டால், அதிலுள்ள மருந்து எச்சத்துக்குக் கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும், தன் சாகுபடி நிலத்தில் மருந்தைப் பயன்படுத்துபவருக்குப் பிரிவு 38இல் விலக்கு தந்திருக்கிறது. அரை ஏக்கர் கீரை போடுபவரை உரிமத்துக்காக அலையவிடாதது நியாயம்தான். ஆனால் மருந்தடித்த தேதியைக் குறித்து வைக்கும் கடமைகூட இல்லாமல் விட்டது பெரிய ஓட்டை என்றே நான் கருதுகிறேன்.

அந்தத் தேதிதான் இதில் முக்கியம். மருந்து தெளித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்ற காத்திருப்புக் காலம் மருந்துக்கும் பயிருக்கும் தக்கபடி மாறும். அரைக்கீரையோ ஒருமுறை விதைத்து, துளிர்க்கத் துளிர்க்க அறுத்து விற்கும் பயிர். ஒரு வாரத்துக்கு ஒருமுறை அறுக்கும் பாத்தியில் பத்து நாள் காத்திருக்க வேண்டிய மருந்தை அடித்தால், காத்திருப்புக் காலம் முடியுமுன்பே அடுத்த அறுவடை வந்துவிடும். எனவே "என்ன மருந்து, எப்போது அடித்தீர்கள், அதற்குப் பிறகு இது எத்தனையாவது நாள்?" என்று விவசாயியிடமே கேளுங்கள். வாடையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்: இயற்கை விவசாயத்தில் தெளிக்கும் வேப்பெண்ணெய்க் கரைசலும் மீன் அமிலமும்கூட வாடை அடிக்கும், கொடிய எச்சம் வாடையே இல்லாமலும் இருக்கும். வெள்ளைத் திட்டைத் தண்ணீரில் நனைத்து விரலால் தேயுங்கள். கொப்புளம்போல் இலையோடு ஒட்டியே இருந்தால், அது கீரையைத் தாக்கும் வெண்துரு நோயாக இருக்கலாம்.

விவசாயியின் பதில் திருப்தி தராவிட்டால், சந்தையின் நிர்வாக அலுவலரிடம் எழுத்துமூலம் தெரிவியுங்கள். தடைசெய்யப்பட்ட மருந்து என்று தெரியவந்தால், அதை விற்ற மருந்துக் கடையைப் பற்றி வேளாண்மைத் துறையிடம் புகார் செய்யலாம். பூச்சிக்கொல்லிச் சட்டம் விவசாயிக்குத் தரும் விலக்கு கடைக்குக் கிடையாது. உதாரணமாக, காய்கறிப் பயிர்களில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு 2005 முதலே தடை இருக்கிறது.

வியாபாரியிடம் வாங்கிய கீரை என்றால் உங்களுக்கு இன்னொரு உரிமையும் உண்டு. பரிசோதனைக்கு அனுப்பப் போவதாக வாங்கும்போதே அவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் ஆய்வறிக்கை பெறலாம் என்கிறது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 40. சட்டமீறல் உறுதியானால் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தனி வரம்பு வகுக்கப்படாத மருந்தின் எச்சத்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே பொதுவான வரம்பு. வீட்டில் ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால் மண்ணும் மேலே படிந்த மருந்தில் ஒரு பகுதியும் போகும். செடி உறிஞ்சிக்கொண்ட மருந்து போகாது. சோப்பு போட்டுக் கழுவவே கூடாது.

கேள்வி: "இயற்கை விவசாயக் கீரை" என்று பலகை வைத்திருப்பவரிடம் சான்றிதழ் கேட்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கேட்கலாம், ஆனால் இல்லையென்று அவர் சொன்னால் அது குற்றமாகாது. சிறு உற்பத்தியாளர் நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது சான்றிதழ் கட்டாயமில்லை என்று 2017ஆம் ஆண்டின் இயற்கை உணவு ஒழுங்குமுறைகள் விலக்கு தருகின்றன. அப்படிப்பட்டவர், சான்று பெற்ற இயற்கை உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரையை மட்டும் பயன்படுத்தக் கூடாது. அந்த முத்திரையை ஒட்டிக் கூடுதல் விலை கேட்பவரிடம் சான்றிதழைத் தயங்காமல் கேளுங்கள். காட்ட மறுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் புகார் கொடுங்கள்.