மானாவாரி ஊர்ல வெள்ளம் வந்தா பொம்பளைங்க வருமானம் என்னாகும்? கேள்வி பதில்

தூத்துக்குடி ஜில்லாவுல விளாத்திகுளம், புதூர் பக்கம் மகளிர் குழுக்களோட ரொம்ப வருஷமா வேலை பாக்குறேன். கேள்விகளை கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுல சிலதுக்கு பதில் இங்க.

கே: அக்கா, வானம் பாத்த பூமில தண்ணிக்கே பஞ்சம், இதுல எதுக்கு வெள்ளப் பேச்சு?

தம்பி, 2023 டிசம்பர் 17, 18 மறந்துருச்சா? காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ., நம்ம ஜில்லாவுல வருஷம் பூரா பெய்யுறதே அவ்வளவு கெடையாது. ஆத்தங்கரைக்காரங்களுக்கு வெள்ளம் வந்தது கண்ணுக்கு தெரிஞ்சுது, கரிசல்காட்டுல அப்படி இல்ல, மண்ணு ஊறி உப்பி தண்ணிய கீழ விடாம புடிச்சு வச்சிக்கும், பச்சையா நிக்கிற உளுந்தும் பாசிப்பயறும் ரெண்டு மூணு நாள்ல மஞ்சளாகி வேர் அழுகிரும். புரட்டாசில வெதச்சது தைல வீட்டுக்கு வரணும், மார்கழில போச்சு. களையெடுப்பு, காய் பறிப்பு கூலியும் அதோட போச்சு, குளத்துல தண்ணி கெடந்தா நூறு நாள் வேலையும் நடக்காது. ஒரே மழைல மூணு வருமானமும் நிக்குது பாருங்க.

கே: எங்க குழுல பத்து பேருக்கும் தையல் பயிற்சி குடுத்தாங்க மேடம். போதுமா?

கோவப்படாதீங்க, ஒரே ஊர்ல பத்து மிஷின் இருந்தா யாருக்கு யாரு ஜாக்கெட் தைக்கிறது? நான் பாத்த ஒரு வீட்ல, தண்ணி ஏறுதுன்னு மிஷின கட்டில் மேல தூக்கி வச்சிருக்காங்க, தண்ணி கட்டில் கயிறு வரைக்கும் வந்து மோட்டார் போச்சு, பொங்கலுக்கு தைக்க வந்த துணியெல்லாம் சேறு. கடன் தவணை மட்டும் நனையல. மிஷின் வாங்குனா மோட்டார கழட்டி பரண்ல போடுற மாதிரி பாத்து வாங்குங்க. எத்தனை தொழில் இருக்குன்னு நான் எண்ணுறதே இல்ல, ஐப்பசில இருந்து மார்கழி வரைக்கும் ஈரம் படாம காசு வர்றது ஒண்ணாவது இருக்கான்னுதான் கேப்பேன்.

கே: ஆடு வளக்கலாமா? எங்க மாமியார் வேண்டாங்குறாங்க.

வளங்க. கன்னி ஆடு, வேம்பூர் செம்மறி ரெண்டும் நம்ம மண்ணு சரக்கு, வெயிலுக்கு கேக்கவே வேண்டாம். மாமியார் பயமும் நெசம்தான், ஈரத்துல நின்னா குளம்பு அழுகும், புதுப் புல்ல மேஞ்சா துள்ளுமாரிங்கிற குடல் நோய் வந்து காலைல பாத்தா செத்துக் கெடக்கும். மழைக்கு முன்னாடியே தடுப்பூசி, குடல்புழு மருந்து, தரைக்கு மேல பரண். இன்சூரன்ஸ் போட்டா காதுல மாட்டுற வில்லைய தொலைக்காதீங்க, வில்லை இல்லன்னா க்ளைம் இல்ல.

கே: நிவாரணம் வந்தா சமாளிச்சிரலாம்ல?

அந்த வெள்ளத்துக்கு மானாவாரி பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபா அறிவிச்சாங்க, ஏக்கருக்கு சுமார் 3,400. உழவு, வெத, களைன்னு போட்டவங்களுக்கு தெரியும் அது எந்த மூலைக்குன்னு. அதுவும் பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான். புருஷன் பேரு, மாமனார் பேரு, இல்ல ஊர விட்டு போன நெலக்காரர் பேரு. அடுத்தவங்க நெலத்த பங்கு வாரத்துக்கு உழுதவ வெறுங்கையோட நிக்கா. எந்த நெலத்துல யார் என்ன பயிர் வச்சிருக்காங்கன்னு எழுதுற அடங்கல் கணக்குல உங்க பேர ஏத்தச் சொல்லி விஏஓ கிட்ட நடக்குறது பெரிய அலைச்சல், ஆனாலும் நடங்க.

கே: பயிர்லயே ஏதாவது மாத்தலாமா?

குதிரைவாலிங்கிற சிறுதானியம். வறட்சியும் தாங்கும், தண்ணி தேங்குனாலும் மத்த பயிர் மாதிரி உடனே சாகாது. அறுக்குற நேரத்துல மழை புடிச்சு கதிர் சாஞ்சா கஷ்டம்தான், முழுசா நம்பாம கொஞ்சம் போடுங்க. உமி நீக்குறதுதான் தலவலி, குழுவுக்கு ஒரு மிஷின் இருந்தா அரிசியா விக்கலாம், தானியமா வித்தா வியாபாரிக்குத்தான் லாபம்.

கே: சீசன்ல காச்சுன கருப்பட்டி மழைக்காலத்துல இளகிருதே அக்கா?

நம்ம பனை வெள்ளத்துல சாயாது, ஆனா நீங்க காச்சுனத காப்பாத்தணும்ல. பதநீர் சீசன்ல எல்லாரும் விக்கும்போது வெல கெடைக்காது, ஐப்பசி கார்த்திகைல வெல ஏறும், அதுவரைக்கும் ஓலைப்பெட்டில போட்டு அடுப்புக்கு மேல புகை படுற பரண்ல வைங்க, பிளாஸ்டிக் பைல கட்டி வைக்காதீங்க வேர்த்துரும். எங்க சின்னம்மா வாரம் ஒரு தடவ எடுத்து தடவிப் பாப்பாங்க, கை ஒட்டுச்சுன்னா அன்னைக்கே வித்துருவாங்க.